வாசல் வரைக்கும் ஃபைபர், பெட்ரூம்ல பஃபரிங்: புது வீட்டுல நெட் போடுறதுக்கு முன்னாடி

புது வீடு கட்டுறப்போ டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்குவோம், பாத்ரூம் குழாய்க்கு வீட்டுல ஒரு பஞ்சாயத்தே நடக்கும், பூஜை ரூம் கதவுல மணி வைக்கிறதா வேணாமான்னு மாமியார் வரைக்கும் ஃபோன் போகும். நெட் பத்தின பேச்சு மட்டும் கிரகப்பிரவேசம் முடிஞ்சு சாமான் இறக்கி டிவிய மாட்டினதுக்கு அப்புறம்தான் வரும். ஆள் வருவாரு, ஜன்னல் ஃபிரேம் ஓரமா ஓட்டை போட்டு வயரை உள்ள விடுவாரு, டிவிக்குப் பக்கத்துல ஒரு பெட்டிய வைப்பாரு, ஃபோன்ல ஸ்பீட் டெஸ்ட் காட்டிட்டு கிளம்பிடுவாரு. ஹால்ல 100 எம்பிபிஎஸ் காட்டும். ராத்திரி கடைசி பெட்ரூம்ல படுத்துக்கிட்டு பாத்தா 6 காட்டும். கடுப்பாகி 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாத்துவோம், அப்பவும் அந்த ரூம்ல 6தான்.

டவுன்கள்ல இன்னைக்கு வாசல் வரைக்கும் வர்ற லைன்ல பெரிய குறை இல்ல. ஸ்பீட் காணாம போறது பெரும்பாலும் வீட்டுக்குள்ளதான். அதை சரி பண்ண வேண்டிய நேரம் எலக்ட்ரீஷியன் பைப் பதிக்க சுவத்துல காடி அடிக்கிற நேரம், அதாவது பூச்சு வேலைக்கு முன்னாடி. அந்த ஸ்டேஜ்ல சில ஆயிரம் ரூபாய்ல முடியிற வேலை, பெயின்ட் அடிச்சதுக்கு அப்புறம் எவ்வளவு காசு கொடுத்தாலும் அழகா முடியாது.

ஏன் யாரும் அந்த நேரத்துல யோசிக்கிறதில்லன்னா, நம்ம வீட்டு பிளான் எல்லாம் இன்னும் லேண்ட்லைன் காலத்துலயே நிக்குது. எலக்ட்ரிக்கல் டிராயிங்க எடுத்து பாருங்க, ஹால்ல ஒரு டெலிபோன் பாயிண்ட், ஒரு டிவி பாயிண்ட், அதிகபட்சம் மாஸ்டர் பெட்ரூம்ல இன்னொரு ஜோடி. ஃபோன் ஹால்ல இருந்துச்சு, ஏன்னா அது வீட்டுக்கே பொதுவான பொருள். 2005 ஜனவரில பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தப்போ அதே செம்பு கம்பிலதான் பிராட்பேண்ட் வந்துச்சு, அதனால மோடமும் அதே ஹால் மூலைல உக்காந்துச்சு. அப்போ அதுல தப்பே இல்ல, ஏன்னா 2004 பிராட்பேண்ட் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட், வீட்டுல இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் அந்த மோடத்துக்கு பக்கத்துலதான் இருந்துச்சு. அந்த 256, 2013ல 512 ஆகி, 2023ல 2 எம்பிபிஎஸ் ஆச்சு. வீட்டுல நெட் கேக்குற பொருளோட எண்ணிக்கையும் ஒண்ணுல இருந்து இருபதுக்கு போயிடுச்சு. ஆனா பெட்டி வைக்கிற இடம் மட்டும் மாறல, பில்டர் கொடுக்குற "டெலிபோன் பாயிண்ட்" எங்கயோ அங்கதான் ஃபைபரும் வந்து நிக்குது.

வெளிய என்ன நடக்குதுன்னு முதல்ல பாத்துடலாம், ஏன்னா கம்பெனி மேல தப்பா நம்ம மேல தப்பான்னு பிரிக்கிறதுக்கு இது தெரியணும். உங்க வீட்டுக்கு வர்ற ஃபைபர் உங்களுக்கு மட்டுமேயான தனி லைன் இல்ல. கம்பெனி ஆபீஸ்ல இருக்குற பெரிய பெட்டில இருந்து ஒரே ஒரு ஃபைபர் கிளம்பி, தெரு முனைல ஈபி போஸ்ட்லயோ காம்பவுண்டு சுவத்துலயோ தொங்குற சின்ன டப்பாக்குள்ள ஸ்பிளிட்டர் வழியா பிரியுது. 8, 16, 32, சில இடத்துல 64 வீடு வரைக்கும் பிரியும். அந்த ஸ்பிளிட்டருக்கு கரண்ட்டே வேணாம், உள்ள வெறும் கண்ணாடிதான். இந்த முறைக்கு ஜிபான்னு பேரு, மேல இருந்து கீழ வர்றது மொத்தமா சுமார் 2.5 ஜிபிபிஎஸ், கீழ இருந்து மேல போறது அதுல பாதி. 32 வீட்டுக்கு சமமா பிரிச்சா ஆளுக்கு 78 எம்பிபிஎஸ் கிட்ட வரும். அப்போ 32 பேருக்கும் எப்படி 200, 300னு விக்கிறாங்கன்னு கேப்பீங்க. எல்லாரும் ஒரே நேரத்துல முழுசா இழுக்க மாட்டாங்கங்கிற நம்பிக்கைலதான். பெரும்பாலும் அந்த நம்பிக்கை பலிக்கும், ஒரு ஹெச்டி படம் ஓடுறதுக்கு 5, 6 எம்பிபிஎஸ் போதும். ராத்திரி ஒன்பது மணிக்கு மட்டும் தினமும் இழுக்குதுன்னா, அதுவும் லேப்டாப்ப கேபிள்ல நேரா மோடத்துல சொருகி பாத்தப்புறமும் இழுக்குதுன்னா, அப்போ அது வெளிப்பக்க நெரிசல்தான், கம்ப்ளெயின்ட் பண்ணலாம்.

லைன் போட வர்றவர்கிட்ட ஒரு பவர் மீட்டர் இருக்கும். பச்சை கனெக்டரை அதுல சொருகினா -19, -22ன்னு மைனஸ்ல ஒரு நம்பர் வரும், அதை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. உங்க வீட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் வந்து சேருதுன்னு சொல்ற நம்பர் அது, யூனிட் டிபிஎம். மோடத்தோட காது பொதுவா -27 வரைக்கும் கேக்கும். -18, -20 இருந்தா நிம்மதி, -25க்கு கீழ போயிட்டா இன்னைக்கு ஓடும், மழைக்கு ஜாயின்ட்ல தண்ணி இறங்கின நாள்ல மோடத்துல சிக்னல் வரலன்னு சொல்ற எல்ஓஎஸ் லைட் சிவப்பா எரியும். ஒவ்வொரு 3 டிபி குறையுறப்போவும் வெளிச்சம் பாதியாகுதுன்னு அர்த்தம், அதனால -22க்கும் -25க்கும் நடுவுல மூணுதானேன்னு விட்டுடாதீங்க. எங்க ஏரியால லைன் போடுறவர் இதை ரொம்ப நேரா சொல்வாரு: "சார், இருபத்திமூணுக்கு மேல போனா நானே திரும்ப வரணும், அதனால இப்பவே ஜாயின்ட்ட வெட்டி போட்டுடறேன்." அந்த மாதிரி ஆள் கிடைச்சா பிளான் நூறு ரூபா கூட இருந்தாலும் அவரையே பிடிச்சுக்கங்க.

ஃபைபர்ல வெளிச்சம் ஓடுற நடு இழை 9 மைக்ரான், தலைமுடிய விட பல மடங்கு மெல்லிசு. அதனால மடக்குனா வெளிச்சம் வெளிய கசிஞ்சிடும். மிச்ச வயரை அழகா இருக்கட்டும்னு சின்ன வளையமா சுத்தி டேக் போட்டு இறுக்குறதுதான் வீட்டுக்குள்ள நடக்குற பெரிய பாவம். வளையம் டீ கிளாஸோட வாய் அகலத்த விட சின்னதாக கூடாது. கனெக்டர் முனைய விரலால தொடவும் கூடாது. வெளிய அணில், எலி கடிக்கிறதும், பஞ்சாயத்து ரோட்ட தோண்டுறதும் நம்ம கைல இல்ல, ஆனா வயர் வீட்டுக்குள்ள நுழையிற இடம் நம்ம கைலதான் இருக்கு. போஸ்ட்ல இருந்து வர்ற டிராப் வயரை தாங்கிப் பிடிக்க பெரும்பாலும் ஒரு இரும்பு கம்பி சேர்த்தே வரும். ஃபைபர்ல கரண்ட் பாயாது, அந்த கம்பில பாயும். அதனால கம்பிய வெளிச் சுவத்துல கொக்கில கட்டி அங்கயே வெட்டிட்டு ஃபைபர் மட்டும் உள்ள வரணும். இடி இறங்குற ஊர்ல இது முக்கியம்.

எந்த கம்பெனிங்கிற கேள்விக்கு விளம்பரத்துல பதில் இல்ல, உங்க தெருல இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட "ஸ்பீட் எவ்வளவு"ன்னு கேக்காதீங்க, "போன தடவை கட் ஆனப்போ எத்தனை நாள்ல வந்து சரி பண்ணாங்க"ன்னு கேளுங்க. பல ஊர்ல பெரிய கம்பெனியோட பேர்ல வர்றதும் கடைசி மைல்ல நம்ம லோக்கல் கேபிள் டிவி ஆள்தான், பிஎஸ்என்எல் ஃபைபரே நிறைய இடத்துல அப்படி பார்ட்னர் மூலமாதான் போகுது. விலை பத்தி ஒரே ஒரு விஷயம், 399ன்னு போட்டிருந்தா 18% ஜிஎஸ்டி சேர்த்து கைல இருந்து போறது 470.82. அன்லிமிடெட்னு போட்டிருக்கிறதுக்கும் பெரும்பாலும் மாசம் 3300 ஜிபின்னு ஒரு வரம்பு இருக்கு, சாதாரண குடும்பம் அதை தொடவே முடியாது, அதனால கவலைப்பட வேணாம். அபார்ட்மென்ட்ல அசோசியேஷன் ஒரே கம்பெனிய மட்டும் உள்ள விட்டிருந்தா பேசிப் பாருங்க, ரெண்டாவது கம்பெனி உள்ள வந்த மாசமே முதல் கம்பெனியோட சர்வீஸ் தானா நல்லாயிடும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024ல கட்டடங்களுக்கு டிஜிட்டல் கனெக்டிவிட்டி ரேட்டிங் கொடுக்குறதுக்கு ஒரு ஒழுங்குமுறையே கொண்டு வந்திருக்கு. ஃபிளாட் வாங்குறவங்க அதை பத்தி பில்டர்கிட்ட கேட்டு வைக்கிறது நல்லது, கேக்குறவங்க அதிகமானாதான் அவங்களும் அசைவாங்க.

இப்போ வீட்டுக்குள்ள வருவோம், இங்கதான் விஷயமே இருக்கு.

காடி அடிக்கிறப்போ செய்ய வேண்டியது சிம்பிள். வீட்டுக்கு நடுவுல ஒரு இடத்த பிடிங்க, படிக்கட்டு பக்கமோ டைனிங் பக்கமோ, சீலிங்ல இருந்து ஒரு ரெண்டு அடி கீழ. அங்க ஒரு போர்டு, அதுல மூணு பிளக் பாயிண்ட். அங்க இருந்து வெளிச் சுவத்துக்கு, ஃபைபர் வர்ற பக்கம், 25 எம்எம் பைப் ஒண்ணு. அதே இடத்துல இருந்து டிவி பாயிண்ட்டுக்கு ஒண்ணு, வேலை பாக்குற ரூமுக்கு ஒண்ணு, மாடி ஹாலுக்கு ஒண்ணு, கேமரா வரப்போற இடங்களுக்கு ஒவ்வொண்ணு. வயரை இப்பவே போட காசு இல்லன்னாகூட பரவால்ல, பைப்ப மட்டும் போட்டு உள்ள ஒரு கம்பிய இழுத்து வச்சுடுங்க. பைப்புல வளைவு ரெண்டுக்கு மேல வேணாம், வந்தா நடுவுல ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைக்க சொல்லுங்க. சடார்னு திரும்புற எல்போ போடாம மெதுவா வளையிற பெண்ட் போட சொல்லுங்க, எல்போல வயரை இழுக்குற எலக்ட்ரீஷியன் உங்கள மனசுக்குள்ள என்ன திட்டுவாருன்னு சொல்ல வேண்டியதில்ல. கரண்ட் வயர் போற பைப்புலயே இதையும் விட்டுடலாம்னு ஒரு யோசனை கண்டிப்பா வரும், "ஒரே பைப்பு போதும் சார்"னு. வேணாம். இன்சுலேஷன் எங்கயாவது உரிஞ்சா 230 வோல்ட் நேரா உங்க லேப்டாப்புக்கு வரும். தனி பைப், முடிஞ்ச வரைக்கும் ஒரு அடி தள்ளி.

டிவிக்கு ஏன் தனி வயர்னு கேப்பாங்க, இப்போ டிவிலயே வைஃபை இருக்கேன்னு. டிவி, கேமரா, ஆபீஸ் மேஜை மூணும் எடத்த விட்டு நகராத பொருள், அதிகமா டேட்டா இழுக்குறதும் அதுங்கதான். அதுங்கள வயருக்கு தள்ளிட்டா காத்து முழுக்க ஃபோனுக்கும் டேபுக்கும் மிச்சம். ஆன்டெனா கோஆக்ஸ் வயர் போடுற எல்லா இடத்துலயும் கூடவே ஒரு நெட்வொர்க் வயரும் போகணும்னு எலக்ட்ரீஷியன்கிட்ட ஒரே வரில சொல்லிடலாம். கேமரா போடுறவர் த்ரீ பிளஸ் ஒன் கேபிள்னு ஒண்ணை சொல்வாரு, அது பழைய அனலாக் கேமராக்கு. புது வீட்டுக்கு கேட் 6ங்கிற நெட்வொர்க் வயர் போட்டு, அதுல ஓடுற ஐபி கேமரா மாட்டினா அதே வயர்ல கரண்ட்டும் போயிடும், கேமராவுக்குன்னு தனி பிளக் பாயிண்ட் தேட வேண்டியதில்ல.

வயர் வாங்குறதுலதான் அதிகமா ஏமாத்து நடக்குது. கேட் 6ன்னு மேல பிரிண்ட் இருக்கும், விலை பாதியா இருக்கும், உள்ள இருக்கிறது செம்பு பூசின அலுமினியம். கடைலயே ஒரு இஞ்ச் வெட்டி, உள்ள இருக்குற ஒரு இழைய பிளேடால லேசா சுரண்டிப் பாருங்க. வெள்ளையா மின்னுச்சுன்னா அலுமினியம், செம்பு நிறமாவே இருந்தா ஒரிஜினல். ரெண்டு தடவை இப்படியும் அப்படியும் மடக்கினாலே அலுமினியம் ஒடிஞ்சிடும். கரண்ட்டும் சேந்து போற கேமரா லைன்ல இந்த வயர் சூடாகும், சுவத்துக்குள்ள இருக்குற வயர் சூடாகுறது யாருக்கும் வேணாம். கேட் 6ஆ 6ஏவா 7ஆன்னு ரொம்ப போட்டு குழப்பிக்க வேணாம், சுத்தமான செம்பு கேட் 6 போதும். அது 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிபிபிஎஸ், 55 மீட்டர் வரைக்கும் 10 ஜிபிபிஎஸ் கூட தாங்கும், நம்ம வீட்டுல எந்த மூலைக்கு இழுத்தாலும் 30 மீட்டர் தாண்டாது.

வயர் எல்லாம் போட்டு 300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தும், அசையாம 94, 95லயே நிக்குதுன்னு நிறைய பேர் சொல்றத கேட்டிருப்பீங்க. அந்த நம்பர பாத்தாலே காரணத்த பாதி கண்டுபிடிச்சிடலாம். நெட்வொர்க் வயருக்குள்ள 8 இழை இருக்கு, 100 எம்பிபிஎஸ்க்கு 4 இழையே போதும், 1000க்கு எட்டும் ஒழுங்கா இருக்கணும். வயர் முனைல பிளக்க அழுத்தி கிரிம்ப் பண்றப்போ அந்த மிச்ச நாலுல ஒரே ஒரு இழை சரியா கடிக்கலன்னாகூட ரெண்டு பக்க மெஷினும் பேசி வச்ச மாதிரி அமைதியா 100க்கு இறங்கிடும், எந்த எரரும் காட்டாது. இன்னொரு காரணம் பெட்டியே. இலவசமா கொடுக்குற மோடம் பலதுல நாலு ஓட்டை இருந்தாலும் ஒண்ணுதான் ஜிகாபிட், அதாவது 1000, மத்தது 100. அதனால சுவத்தை மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாயிண்ட்டையும் லேப்டாப்ல சொருகி லிங்க் 1000 காட்டுதான்னு பாக்கணும். எட்டு லைட் வரிசையா எரியிற சின்ன டெஸ்டர் கொஞ்ச விலைக்கே கிடைக்குது, எலக்ட்ரீஷியன்கிட்ட இல்லன்னா நீங்களே ஒண்ணு வாங்கிடுங்க.

வைஃபை. இதுல நிறைய பேர் நினைக்கிறது, சிக்னல் கோடு முழுசா இருந்தா போதும்னு. முதல்ல சுவர். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு அதுல பாதிதான். சின்ன அலை வேகமா தூக்கும், ஆனா சுவத்துல சீக்கிரம் சோர்ந்துடும். வெளிநாட்டுல பாதி வீடு மரமும் ஜிப்சம் பலகையும், அங்க எழுதுற ரிவ்யூல "ஒரு ரவுட்டர் 2000 சதுர அடிக்கு போதும்"னு போட்டிருப்பாங்க. நம்ம ஊர்ல நாலரை இஞ்ச் செங்கல் சுவர், வெளிய ஒன்பது இஞ்ச், அதுக்கு மேல ரெண்டு பக்கமும் சிமென்ட் பூச்சு, தலைக்கு மேல கம்பி கட்டின கான்கிரீட் தளம். 5 ஜிகாஹெர்ட்ஸ் ரெண்டு செங்கல் சுவர் தாண்டினாலே திணறும், தளத்த தாண்டி மாடிக்கு போறதுக்குள்ள நொந்துடும். டூப்ளெக்ஸ் வீட்டுல மாடிக்கு கொஞ்சம் சிக்னல் வருதுன்னா அது தளத்த துளைச்சு வரல, படிக்கட்டு ஓட்டை வழியா ஏறி வருது. இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி எல்லாமே குறுக்க நிக்கும். சில புது ஃபிளாட்ல பில்டர் ரவுட்டருக்குன்னே ஒரு இடம் கொடுத்திருப்பாங்க, பாத்தா சுவத்துக்குள்ள புதைச்ச இரும்பு பெட்டி, கதவும் இரும்பு. ரவுட்டர இரும்புக்குள்ள பூட்டி வச்சுட்டு சிக்னல் வரலன்னா எப்படி வரும்? அந்த பெட்டில மோடத்த மட்டும் விட்டுட்டு வைஃபைய வெளிய கொண்டு வாங்க.

சுவர விட முக்கியம் நேரம், இதைதான் பெரும்பாலும் யாரும் சொல்றதில்ல. வைஃபைல ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், கல்யாண மண்டபத்துல ஒரே மைக்க பத்து பேர் மாத்தி மாத்தி வாங்கிப் பேசுற மாதிரி. இதுல பழைய ஃபோனோ, தூரத்துல இருக்குற டிவியோ மெதுவா பேசும், அது பேசி முடிக்கிற வரைக்கும் பக்கத்துல இருக்குற புது லேப்டாப்பும் காத்திருக்கணும். பக்கத்து ஃபிளாட் ரவுட்டரும் அதே சேனல்ல இருந்தா அவங்களும் அதே கியூல சேந்துடுவாங்க. 2.4ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணு, 1, 6, 11. சென்னைல ஒரு அபார்ட்மென்ட்ல ஃபோன எடுத்து வைஃபை லிஸ்ட்ட பாருங்க, முப்பது பேர் தெரியும், முப்பது பேரும் அந்த மூணுலதான் அடிச்சுக்கிறாங்க. அதனாலதான் கடைசி ரூம்ல நாலு கோடு சிக்னல் இருந்தும் படம் சுத்துது. 2018ல இந்தியால 5 ஜிகாஹெர்ட்ஸ்ல நிறைய இடத்த லைசென்ஸ் இல்லாம பயன்படுத்த திறந்து விட்டாங்க, அங்க இன்னும் காலி இடம் இருக்கு, சுவர் தாண்டாததே அங்க ஒரு நன்மைதான், பக்கத்து வீட்டு சத்தமும் வராது.

ரவுட்டர் டப்பா மேல இருக்குற நம்பர் இன்னொரு கூத்து. ஏசி 1200ன்னா 1200 எம்பிபிஎஸ் வரும்னு அர்த்தம் இல்ல, 2.4ல 300, 5ல 867, ரெண்டையும் கூட்டி மேல ரவுண்ட் பண்ணிட்டாங்க. உங்க ஃபோன் ஒரு நேரத்துல ஏதாவது ஒண்ணுலதான் இருக்கும், அந்த 867லயும் பக்கத்துல நின்னா 500, 600 கைக்கு வந்தா நல்ல நாள். வைஃபை 6 ரவுட்டர் வாங்கலாம், நிறைய கருவி இருக்குற வீட்டுக்கு அது உண்மையாவே உதவுது. 6ஈ, 7ன்னு விலை ஏத்தி சொன்னா மட்டும் கொஞ்சம் நிதானிங்க. அதோட சிறப்பு 6 ஜிகாஹெர்ட்ஸ், இந்தியால அதோட கீழ்ப்பகுதிய திறக்குறதுக்கு வரைவு விதியே 2025 மே மாசம்தான் வந்துச்சு, அதுவும் செங்கல் சுவர்கிட்ட 5 விட மோசமா தோத்துப் போற அலை.

ஃபோன்ல வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் போட்டுக்கிட்டு வீட்டை ஒரு சுத்து நடந்து பாருங்க, இதுலயும் மைனஸ் டிபிஎம்தான். ஹால்ல -45 இருக்கும், கிச்சன் தாண்டுறப்போ -60, கடைசி ரூம் கதவ சாத்தினா -78. -67 வரைக்கும் வீடியோ கால் தாராளமா ஓடும், -75 தாண்டினா வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும்தான் நிம்மதியா போகும். எந்த கதவுகிட்ட நம்பர் சடார்னு விழுதோ அந்த இடத்துக்கு இந்தப் பக்கம்தான் உங்களுக்கு இன்னொரு பெட்டி தேவை.

அந்த இன்னொரு பெட்டி எதுங்கிறதுல கடைக்காரர் முதல்ல எடுத்து நீட்டுறது எக்ஸ்டெண்டர். சுவத்துல சொருகினா போதும், விலையும் கம்மி. ஆனா அது ரவுட்டர்கிட்ட காத்துல வாங்கி, அதையே மறுபடி காத்துல சொல்லுது, ஒவ்வொரு பேச்சும் ரெண்டு தடவை நடக்குது, ஸ்பீட் பாதியாயிடும். அதையும் கொண்டு போய் சிக்னலே இல்லாத ரூம்ல சொருகுறவங்கதான் அதிகம், அங்க அதுக்கே ஒண்ணும் கேக்கலன்னா அது என்னத்த திருப்பி சொல்லும்? மெஷ்ங்கிறது, அதாவது ரெண்டு மூணு பெட்டி சேந்து ஒரே நெட்வொர்க்கா ஓடுறது, இதையே இன்னும் புத்திசாலித்தனமா பண்ணுது, ஆனா வயர் இல்லாம போட்டா நம்ம சுவர்கள்கிட்ட அதுக்கும் அதே தலைவலிதான். மாடிக்கு ஒரு பைப் போட சொன்னேன்ல, அதுக்கு இதுதான் காரணம். அந்த வயரோட முனைல வயர்ல வர்றத வைஃபையா மாத்துற அக்சஸ் பாயிண்ட் (ஏபி) ஒண்ணோ, பழைய ரவுட்டர் ஒண்ணை ஏபி மோடுல மாத்தியோ வச்சுட்டா மாடிலயும் முழு ஸ்பீட். பல ஆயிரம் ரூபா மெஷ் செட்ட விட ஒரு வயரும் சுமாரான ஒரு ஏபியும் ஜெயிக்கும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. ரெண்டுலயும் பேரும் பாஸ்வேர்டும் ஒண்ணா வைங்க, சேனல மட்டும் வேற வேற வைங்க.

கரண்ட் போறப்போ நெட் போகுதுன்னு இப்பவும் நிறைய பேர் சொல்றாங்க, அதுக்கு அவசியமே இல்ல. தெருல இருக்குற ஸ்பிளிட்டருக்கு கரண்ட் வேணாம், அந்தப் பக்க ஆபீஸ்ல பேக்கப் இருக்கும், நடுவுல உங்க மோடமும் ரவுட்டரும் உயிரோட இருந்தா போதும். அந்த போர்டுல இருக்குற பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைன்ல வரணும்னு வயரிங் அப்பவே சொல்லிடுங்க. சொல்லலன்னா அது ஏசி, மிக்ஸி போற லைன்லதான் போய் சேரும். இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போற ஒவ்வொரு தடவையும் ரவுட்டர் செத்து மறுபடி எழுந்திருக்குதுன்னா இன்வெர்ட்டர் பின்பக்கம் பாருங்க, பலதுல ஈகோ, யுபிஎஸ்னு ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளினா மாறுற நேரம் குறைஞ்சு ரவுட்டருக்கு தெரியாமலே முடிஞ்சிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும், வாங்குறப்போ ரவுட்டர் அடாப்டர்ல எத்தனை ஆம்பியர் எழுதியிருக்குன்னு பாத்து வாங்குங்க, 1 ஆம்பியர் யுபிஎஸ்ல 2 ஆம்பியர் ரவுட்டர் நிக்காது.

கேமரா போட்டுட்டு வெளியூர்ல இருந்து பாக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கு. நெட்ல ஒரு கனெக்ஷன அடையாளம் காட்டுற ஐபிவி4 முகவரி உலகத்துக்கே மொத்தமா சுமார் 430 கோடிதான், ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரல்லயே கடைசி கட்டத்துக்கு வந்துடுச்சு. அதனால கம்பெனிகள் ஒரே வெளி முகவரிய நிறைய வீட்டுக்கு சேத்து கொடுக்குறாங்க. ரவுட்டர் பேஜ்ல வேன் ஐபின்னு (வெளிப்பக்க முகவரி) இருக்குறது 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா நீங்களும் அந்த கூட்டத்துல ஒருத்தர்னு அர்த்தம். அப்போ வெளிய இருந்து நேரா வீட்டுக்குள்ள வர வழி திறக்குற போர்ட் ஃபார்வர்டிங்னு யூடியூப் வீடியோ பாத்து என்ன தட்டினாலும் வேலை செய்யாது, உங்க மேல தப்பில்ல. கேமரா கம்பெனியோட ஆப் வழியா பாத்தா ஓடும், ஏன்னா கேமரா தானா வெளிய போய் அவங்க சர்வர்ல காத்திருக்கும். அவங்க சர்வர் வேணாம், நேரா வீட்டுக்குள்ள வரணும்னா உங்களுக்குன்னு மாறாத முகவரியான ஸ்டாட்டிக் ஐபி கேட்டு மாசாமாசம் தனியா கட்டணும், இல்லன்னா புது முகவரி முறையான ஐபிவி6 பழகணும்.

கனெக்ஷன் போட்ட அன்னைக்கு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். லைன் போட்டவர் வைக்கிற பாஸ்வேர்டு பெரும்பாலும் உங்க ஃபோன் நம்பர், இல்லன்னா பேரோட 123. வைஃபை பாஸ்வேர்டையும், 192.168.1.1 பேஜுக்குள்ள போற அட்மின் பாஸ்வேர்டையும் ரெண்டையும் மாத்துங்க, பாஸ்வேர்டு இல்லாம பட்டன் அமுக்கி சேர்ற டபிள்யூபிஎஸ்ஸ அணைச்சுடுங்க. சொந்தமா ரவுட்டர் வாங்கி மாட்டுறீங்கன்னா கம்பெனி மோடத்த, ரவுட்டர் வேலைய விட்டுட்டு லைன மட்டும் கடத்துற பிரிட்ஜ் மோடுல போட சொல்லுங்க, இல்லன்னா அதோட வைஃபையவாவது அணைங்க, ரெண்டும் ஒரே மேஜைல ஒண்ணோட ஒண்ணு கத்திக்கிட்டு இருக்கும். பிரிட்ஜ் மோடுக்கு மாத்த மாட்டேன்னு சொல்ற கம்பெனியும் இருக்கு, வாய்ஸ் லைன் அதுல ஓடுறதால, அப்போ உங்க ரவுட்டர ஏபி மோடுல போட்டுக்கலாம். ஸ்மார்ட் பல்பு, தண்ணி மோட்டார் கன்ட்ரோலர், மொட்டை மாடி சோலார் இன்வெர்ட்டர்ல சொருகுற டாங்கிள் இதெல்லாம் அனேகமா 2.4 மட்டும்தான் பேசும். அதுங்களுக்குன்னு 2.4ல தனி பேர்ல ஒரு நெட்வொர்க் வச்சுட்டா, சோலார்காரர் வந்து கனெக்ட் ஆகல சார்னு அரை மணி நேரம் மொட்டை மாடி வெயில்ல நிக்க வேண்டியதில்ல.

வீடு ஏற்கெனவே முடிஞ்சு பெயின்ட்டும் அடிச்சாச்சா? பழைய டிவி கோஆக்ஸ் போற பைப்புல பெரும்பாலும் இப்போ பயன்படாத வயர்தான் கிடக்கும், அதோட முனைல புது கேட் 6ஐ கட்டி அந்தப் பக்கம் இழுத்துப் பாருங்க, நிறைய வீட்டுல வந்துடும். அதுவும் இல்லன்னா வெளிச் சுவத்துல சன்ஷேட் ஓரமா பைப் போட்டு மாடிக்கு ஏத்தலாம், ஆனா வெளிய செம்பு வயர் போடுறதுல இடி மின்னல் பயம் இருக்கு, ஐப்பசி மழைல ரவுட்டர் போர்ட் கருகிப் போன வீடுகள் உண்டு. மாடிக்கு போற அந்த ஒரு துண்டுக்கு மட்டும் செம்புக்கு பதிலா ஃபைபர் இழுத்து ரெண்டு பக்கமும் ஃபைபர் வெளிச்சத்த நெட்வொர்க் வயருக்கு மாத்திக் கொடுக்குற மீடியா கன்வர்ட்டர் மாட்டுறதுதான் சரி. உங்க கேபிள் ஆளே இதை அரை நாள்ல செஞ்சு கொடுத்துடுவாரு, ஃபைபர ஒட்டுற மெஷின் அவர்கிட்டயேதான் இருக்கு.